ஏலத்தில் எடுத்த ராணுவ ட்ரெய்லர்: ஏர் பிரேக் இல்லாமல் வீடு வந்து சேருமா?

அமெரிக்க ராணுவம் கழித்துவிடும் ட்ரெய்லர்கள் இணைய ஏலத்துக்கு வருகின்றன. கெட்டியான இரும்பு, உயரமான சக்கரம், சேற்றிலும் போகும் என்பதால் பண்ணை வைத்திருப்பவர்கள் ஆசையோடு எடுத்துவிடுகிறார்கள். பணம் கட்டிய பிறகுதான் ஒன்று உறைக்கிறது: பிரேக் காற்றில் இயங்குகிறது, வீட்டில் இருக்கும் பிக்கப்பில் (பின்னால் திறந்த தட்டு உள்ள சிறு லாரி) அந்தக் காற்றைத் தரும் வசதியே இல்லை. அங்கே வாழும் வாசகர்கள் இது பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: எம்105ஏ2 ட்ரெய்லர் ஒன்று எடுத்திருக்கிறேன். டெக்சஸுக்குள்தான் இருக்கிறது, வீட்டிலிருந்து 140 மைல். என்னிடம் முக்கால் டன் பிக்கப் உண்டு. ஏர் ஹோஸ் எதையும் மாட்டாமல், காலியாக இழுத்து வரலாமா?

எம்105ஏ2 என்பது எம்35 என்னும் இரண்டரை டன் லாரியின் பின்னால் போவதற்காகச் செய்த ஒன்றரை டன் ட்ரெய்லர். இதன் பிரேக் பாதி காற்று, பாதி எண்ணெய். லாரியிலிருந்து இரண்டு ஹோஸ் வரும். சிவப்பு ஹோஸ் ட்ரெய்லரின் ஏர் டேங்கை நிரப்பும். நீல ஹோஸ், ஓட்டுநர் பெடலை மிதிக்கும்போது மட்டும் காற்றை அனுப்பும். அந்தக் காற்று ஒரு மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும். அங்கிருந்து சக்கரம்வரை சாதாரண பிரேக் எண்ணெய்தான். சிவப்பு ஹோஸ் அறுந்தால், டேங்கில் இருக்கும் காற்றை ஒரு வால்வு தானாகவே பிரேக்குக்குத் திருப்பி ட்ரெய்லரை நிறுத்திவிடும்.

இதில் ஒரு வசதி இருக்கிறது. டேங்கில் காற்றே இல்லையென்றால் பிரேக்கைப் பிடிக்க எதுவும் இல்லை, சக்கரம் உருளும். முதலில் இரண்டு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள், ஏனென்றால் அடுத்த நொடியில் ட்ரெய்லர் நகரக்கூடும். பிறகு டேங்கின் அடியில் இருக்கும் டிரெயின் வால்வை, அதாவது தண்ணீரையும் காற்றையும் வெளியேற்றும் திருகைத் திறந்துவிடுங்கள். துரு கலந்த தண்ணீர் கொஞ்சம் தெறிக்கும், சீறல் மெல்ல அடங்கும். முழுவதும் அடங்கிய பிறகும் அந்த வால்வைத் திறந்தபடியே விட்டுவிடலாம். கைப்பிரேக் லீவர்களையும் தளர்த்திவிடுங்கள்.

இத்தனையும் செய்த பிறகு உங்களிடம் இருப்பது விடுபட்ட சக்கரம் மட்டும்தான். பிரேக் இல்லை. ‘பிரேக்கை விடுவித்துவிட்டேன்’ என்பதையும் ‘பிரேக் சரியாக இருக்கிறது’ என்பதையும் ஒன்றாக நினைத்துப் புறப்படுவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் பெரிய தவறு. எனவே பிரேக்கே இல்லாத ட்ரெய்லரை இழுக்கலாமா என்றுதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

காலி எம்105ஏ2 சுமார் 2,700 பவுண்ட், அதாவது 1,200 கிலோவுக்குச் சற்று மேல். டெக்சஸில் மொத்த எடை 4,500 பவுண்டைத் தாண்டாத ட்ரெய்லருக்கு பிரேக் கட்டாயமில்லை. பல மாநிலங்களில் இந்த வரம்பு 3,000 பவுண்ட். நியூயார்க்கில் காலி எடை 1,000 பவுண்டைத் தாண்டினாலே பிரேக் வேண்டும். சில மாநிலங்களில் தராசில் காட்டும் எடையைப் பார்க்காமல், தகட்டில் பொறித்திருக்கும் அதிகபட்ச எடையைப் பார்ப்பார்கள். வழியில் மாநில எல்லை வந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பாருங்கள்.

சட்டம் விட்டாலும் எடைக் கணக்கு விட வேண்டும். வணிக வண்டிகளுக்கான கூட்டாட்சி விதியில் ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது: பிரேக் இல்லாத ட்ரெய்லர் 3,000 பவுண்டுக்குள் இருக்க வேண்டும், அதோடு, இழுக்கும் வண்டியின் எடையில் 40 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. சொந்த வேலைக்கும் இதையே பிடித்துக்கொள்ளுங்கள். 7,000 பவுண்ட் பிக்கப்புக்கு 40 சதவீதம் 2,800. காலி எம்105 மயிரிழையில் உள்ளே வருகிறது. 5,000 பவுண்ட் எஸ்.யு.வி. என்றால் வரம்பு 2,000தான், தொடவே வேண்டாம்.

காலி என்றால் காலிதான். ட்ரெய்லரை எடுக்கப் போகும் ராணுவ முகாமில் சேர்த்துக் கொடுக்கும் பழைய டயர், இரும்புச் சாமான் எதையும் ஏற்றிவிடாதீர்கள். ஸ்பேர் டயரைக்கூட பிக்கப்பில் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: டேங்கைத் திறந்துவிட்டேன், காற்றே இல்லை. ஆனால் ஒரு சக்கரம் உருளாமல் இழுபடுகிறது. ஏன்?

மாதக்கணக்கில் நின்ற ட்ரெய்லரில் காற்று எப்போதோ கசிந்து போயிருக்கும். எனவே காரணம் பெரும்பாலும் காற்று அல்ல. மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலில் கைப்பிரேக். லீவர் தளர்ந்திருக்கும், ஆனால் கேபிள் உறைக்குள்ளேயே துருப்பிடித்துத் திரும்பாமல் நின்றிருக்கும். சக்கரத்தின் பக்கம் கேபிளைக் கையால் அசைத்துப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் அந்த முனையைக் கழற்றிவிடுங்கள்.

அடுத்து எண்ணெய் அழுத்தம். பழைய ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்துக்கொண்டால், சக்கரத்துக்குப் போன எண்ணெய் திரும்பி வராது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, அந்தச் சக்கரத்தின் பிளீடர் ஸ்க்ரூவை (பிரேக் எண்ணெயை வெளியேற்றும் திருகு) அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். எண்ணெய் பீறிட்டு, சக்கரமும் விட்டுவிட்டால் நோய் ஹோஸில் அல்லது மாஸ்டர் சிலிண்டரில். வெறுமனே கசிந்து, சக்கரம் அப்படியே நின்றால் கோளாறு டிரம்முக்குள், அதாவது சக்கரத்தோடு சுழலும் பிரேக் உருளைக்குள் இருக்கிறது.

பெரும்பாலும் அதுதான். ஈரத்தில் நின்று, பிரேக் ஷூ (டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் வளைந்த கட்டை) டிரம்மோடு துருவால் ஒட்டிக்கொள்கிறது. மற்ற சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, இந்தப் பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, அச்சுக்குக் கீழே ஸ்டாண்டு வையுங்கள். பின்தகட்டில் இருக்கும், ஷூவின் இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள். பிறகு நான்கு பவுண்டு சுத்தியலால் டிரம்மின் முகத்தில், சக்கர நட்டு மாட்டும் ஆணிகளுக்கு இடைப்பட்ட இடங்களில் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். விளிம்பில் அடித்தால் வார்ப்பிரும்பு உடையும். ஒட்டியிருக்கும் டிரம் ஈரப்பானை போல மொத்தென்று ஒலிக்கும். ஷூ விட்ட கணத்தில் சத்தம் கணீரென்று மாறும், காதுக்கே தெரியும். துரு நீக்கும் எண்ணெயை உள்ளே பீய்ச்சாதீர்கள். ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங் அதைக் குடித்துவிட்டால் பிறகு பிரேக்குக்கு ஆகாது.

பிக்கப்பால் வெடுக்கென்று இழுத்து விடுவிக்கப் பார்ப்பவர்களும் உண்டு. சக்கரம் உருளத்தான் செய்யும். ஆனால் லைனிங் பெயர்ந்து டிரம்முக்குள் விழுந்து, 30 மைல் தாண்டி மறுபடியும் சிக்கினால் நெடுஞ்சாலை நடுவே நிற்க வேண்டியதுதான். டிரம்மைக் கழற்றிப் பார்க்க நேரமில்லை என்றால் அன்று இழுக்காதீர்கள்.

கேள்வி: 12 வோல்ட் கம்ப்ரஸரும் சின்ன ஏர் டேங்கும் பிக்கப்பில் வைத்து, சிவப்பு ஹோஸில் காற்று கொடுத்தால் போதுமா?

போதாது. சிவப்பு ஹோஸ் காற்று, ட்ரெய்லர் டேங்கை நிரப்பும்; ட்ரெய்லர் கழன்று போனால் அதை நிறுத்தும். அந்த அளவுக்கு நல்லது. ஆனால் நீங்கள் பெடலை மிதிக்கும்போது ட்ரெய்லர் பிரேக் பிடிக்க நீல ஹோஸில் காற்று போக வேண்டும், அதுவும் மிதிக்கும் அளவுக்கு ஏற்ப. உங்கள் பிக்கப்பில் அதற்கு வால்வு கிடையாது. ஓட்டுநர் கையருகே ஒரு கை வால்வு பொருத்தி, நீல ஹோஸை அதன் வழியே விட்டால் கையால் பிரேக் கொடுக்கலாம். பழைய லாரிகளில் இருந்த முறைதான். ஆனால் அவசரத்தில் கால் தானாக மிதிக்கும், கை தானாகப் போகாது. ஒருநாள் பயணத்துக்காக இவ்வளவு குழாய் வேலை செய்வதைவிட, ட்ரெய்லரை வேறொன்றின் மேல் ஏற்றி வருவது மலிவு.

கேள்வி: நான் எடுத்திருப்பது எம்1082 என்னும் இன்னும் கனமான ராணுவ ட்ரெய்லர். டேங்கில் காற்று இல்லை, ஆனால் சக்கரம் இறுகிப் பிடித்திருக்கிறது. மேலே சொன்ன முறை இதற்கும் பொருந்துமா?

பொருந்தாது. இங்கே எல்லாம் தலைகீழ். எம்105-இல் காற்று பிரேக்கைப் பிடிக்கிறது. ஸ்பிரிங் சேம்பர் (உள்ளே ஸ்பிரிங் வைத்த பிரேக் டப்பா) உள்ள ட்ரெய்லரில் பெரிய ஸ்பிரிங் பிரேக்கைப் பிடித்து வைத்திருக்கிறது, காற்றுதான் அதை விடுவிக்கிறது. காற்று போனால் பூட்டிக்கொள்ளும். அச்சின் பின்னால் ஒரே டப்பாவாக இருந்தால் சாதாரண சேம்பர். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு டப்பா ஒட்டியிருந்தால் ஸ்பிரிங் சேம்பர்.

ஸ்பிரிங்கை அடக்க ஒவ்வொரு சேம்பரிலும் ஒரு நீள டி போல்ட் உண்டு, பக்கத்து உறையில் செருகியிருக்கும். கட்டை கொடுங்கள். வெளியிலிருந்து 90 முதல் 100 பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்ட் என்னும் அழுத்த அளவு) காற்று கொடுக்க முடிந்தால் கொடுங்கள், ஸ்பிரிங் தானாகச் சுருங்கிக்கொள்ளும். சேம்பரின் பின்பக்க நடுவில் இருக்கும் ரப்பர் மூடியைக் கழற்றி, டி போல்ட்டை உள்ளே விட்டு, வலப்பக்கம் கால் சுற்றுத் திருப்பி இழுத்துப் பாருங்கள், மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். வாஷரும் நட்டும் போட்டுக் கை ஸ்பேனரால் இறுக்குங்கள். அடித்து அடித்துத் திருகும் இம்பாக்ட் ரெஞ்ச் வேண்டாம், டி போல்ட்டின் தலை முறிந்துவிடும். இரண்டரை அங்குலம் அளவுக்கு போல்ட் வெளியே வந்தால் ஸ்பிரிங் அடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

சேம்பரைச் சுற்றி இருக்கும் கிளாம்ப் வளையத்தில் கை வைக்கவே கூடாது. உள்ளே ஆயிரம் பவுண்டுக்கு மேற்பட்ட விசையோடு ஸ்பிரிங் காத்திருக்கிறது. அந்த வளையத்தைக் கழற்றி உயிரிழந்தவர்கள் உண்டு. டப்பாவில் விரிசலோ ஆழமான துருவோ தெரிந்தால் டி போல்ட்டையும் முயல வேண்டாம், லாரி மெக்கானிக்கை அழையுங்கள்.

டேங்கில் காற்றை நிரப்பி ‘விட்டுவிட்டது’ என்று புறப்படுவது இன்னும் மோசம். ஸ்பிரிங் முழுவதும் அடங்க சுமார் 60 பி.எஸ்.ஐ. வேண்டும். வழியில் கசிந்து அதற்குக் கீழே இறங்கினால் ஷூ லேசாக உரச ஆரம்பிக்கும். ஓட்டுநருக்கு வண்டி கொஞ்சம் இழுப்பதுபோல் மட்டும் இருக்கும். டிரம் சிவந்து, கிரீஸ் உருகி, டயர் தீப்பிடிப்பது இப்படித்தான்.

டி போல்ட்டால் அடக்கிய பிறகும் உங்கள் கேள்விக்குப் பதில், சாலையில் இழுக்காதீர்கள் என்பதுதான். எம்1082 காலியாகவே 5,000 பவுண்டுக்கு மேல். டெக்சஸ் வரம்பையே தாண்டிவிடுகிறது, 40 சதவீதக் கணக்குக்கும் பக்கத்தில் வராது. டி போல்ட் முறை, ட்ரெய்லரை முகாமுக்குள் நகர்த்தி இன்னொரு வண்டியில் ஏற்றுவதற்கு மட்டும். ஏற்றி இறக்கும்போதும் கட்டையை மறக்காதீர்கள், கைப்பிரேக்கும் இப்போது இல்லை.

கேள்வி: பிக்கப்பில் பந்து ஹிட்ச்தான் இருக்கிறது. ராணுவ ட்ரெய்லரின் முனையில் வளையம். எப்படி மாட்டுவது?

அந்த வளையத்துக்கு லூனெட் என்று பெயர், உள்விட்டம் 3 அங்குலம். அதற்கு பிண்டில் ஹூக், அதாவது வளையத்தைக் கவ்விப் பூட்டிக்கொள்ளும் கொக்கி வேண்டும். பிக்கப்பின் பின்னால் இருக்கும் 2 அங்குல ரிசீவரில் (ஹிட்ச் செருகும் சதுரக் குழாய்) செருகும் பிண்டில் தகடு கடைகளில் கிடைக்கும். 10,000 பவுண்ட் தாங்கும் என்று பொறித்ததை வாங்குங்கள், ஆனால் உங்கள் ரிசீவரின் வரம்பு அதைவிடக் குறைவாக இருந்தால் அதுதான் கணக்கு. ட்ரெய்லரைச் சமதளத்தில் நேராக நிறுத்தி, தரையிலிருந்து வளையத்தின் நடுவரை அளந்து, அந்த உயரத்துக்கு ஹூக்கைப் பொருத்துங்கள். முனை தூக்கியபடி போனால் ட்ரெய்லர் வாலாட்டும்.

ஹூக்கின் பூட்டுக்குள் பின் போட்டீர்களா என்று கையால் தொட்டுப் பாருங்கள். பாதுகாப்புச் சங்கிலிகளை முனைக்கு அடியில் குறுக்காகப் போடுங்கள். வளையம் கழன்றாலும் முனை சாலையில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழும். பிரேக் இல்லாத ட்ரெய்லருக்குக் கடைசித் துணை இந்தச் சங்கிலிதான், துருப்பிடித்த பழைய கொக்கியை நம்பாதீர்கள். முன் தாங்குகாலை மடித்துப் பின் போடுவதும் அடிக்கடி மறந்துபோகும் வேலை.

கேள்வி: விளக்குகளுக்கு பிக்கப்பின் ஒயரையே இணைக்கலாமா?

வேண்டாம். ட்ரெய்லர் 24 வோல்ட், 12 முனை ராணுவ பிளக். உங்கள் பிக்கப் 12 வோல்ட். இணைத்தாலும் பல்ப் மின்மினி போலத்தான் எரியும். காந்தத்தில் ஒட்டும் 12 வோல்ட் டோ லைட் ஜோடி ஒன்று வாங்கி, ட்ரெய்லரின் பின்பலகையில் ஒட்டி, ஒயரைச் சட்டத்தோடு கட்டிக் கொண்டுவந்து பிக்கப்பின் நான்கு முனை பிளக்கில் மாட்டுங்கள். பெயின்ட் தடிப்பாக இருந்தால் காந்தம் நழுவும், ஒரு கயிற்றாலும் கட்டிவிடுங்கள்.

கேள்வி: எந்த வேகத்தில் போகலாம்? வழியில் எதைப் பார்க்க வேண்டும்?

7,000 பவுண்ட் பிக்கப்பின் பிரேக் இப்போது 9,700 பவுண்டை நிறுத்த வேண்டும். அதே பிரேக் விசைக்கு நிற்கும் தூரம் கிட்டத்தட்ட 40 சதவீதம் கூடும். தனி பிக்கப் 60 மைல் வேகத்தில் நிற்கும் தூரத்துக்குள் இந்த ஜோடி நிற்க வேண்டுமென்றால் வேகம் 50-ஐத் தாண்டக் கூடாது. நாங்கள் சொல்வது 45. எம்105-இன் 9.00-20 டயர் டியூப் போட்ட பழைய வகை, அதற்கும் அந்த வேகம்தான் நல்லது. நெடுஞ்சாலையை விட்டு, குறைந்த வேகச் சாலைகளில் வழி பாருங்கள். மழை நாளில் புறப்பட வேண்டாம்.

வளைவுக்குள் பிரேக் போடாதீர்கள். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிடுங்கள். இல்லையென்றால் பின்னாலிருந்து ட்ரெய்லர் தள்ளும் தள்ளில் பிக்கப்பின் பின்பக்கம் ஒதுங்கும். இறக்கத்தில் மேலேயே சின்ன கியருக்கு வந்துவிடுங்கள், பாரம் இழுக்கும்போது கியரை அதற்கேற்ப மாற்றும் டோ ஹால் பொத்தான் இருந்தால் போடுங்கள்.

புறப்படும் முன் டயரின் வயதைப் பாருங்கள். தயாரிப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் வாரமும் ஆண்டும். 2304 என்றால் 2004-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் 2000-க்கு முந்தைய டயர். பக்கச் சுவரில் விரல் நகம் நுழையும் வெடிப்பு இருந்தால் மாற்றிவிட்டுத்தான் புறப்பட வேண்டும். சக்கர நட்டுக்கு ஒன்றரை அங்குல சாக்கெட்டும் நீளமான நெம்புகோலும் வேண்டும். ஆணியின் முனையில் ‘எல்’ என்று பொறித்திருந்தால் இடப்புற மரை, எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் சாலையோரத்தில் குதித்துக் குதித்து நட்டை மேலும் இறுக்குபவர்கள் ஏராளம்.

பேரிங்கில் புது கிரீஸ் போட்டுவிட்டுக் கிளம்புவது உத்தமம். முடியாவிட்டால் முதல் 5 மைலில் நிறுத்துங்கள், பிறகு 15-இல், அப்புறம் 25 மைலுக்கு ஒருமுறை. முதலில் புறங்கையை ஹப்புக்கு (சக்கரத்தின் நடுப்பகுதி) அருகே கொண்டுபோய்ப் பாருங்கள், அனல் அடிக்கவில்லை என்றால் தொடுங்கள். இளஞ்சூடு இயல்பு. கை வைத்திருக்க முடியாத சூடு என்றால் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது அல்லது ஷூ உரசுகிறது. இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் சூடேறுவதுதான் சரியான அடையாளம். அதன் பிறகு ஒரு மைல்கூடப் போகாதீர்கள்.

கேள்வி: கார் ஏற்றும் ட்ரெய்லரை வாடகைக்கு எடுத்து, எம்105-ஐ அதன்மேல் ஏற்றி வரலாமா?

ஏற்றி வருவதுதான் எங்கள் முதல் யோசனை, ஆனால் எந்த வகை என்று பார்த்து எடுங்கள். எம்105-இன் அகலம் சுமார் 83 அங்குலம். கார் ட்ரெய்லரில் ஃபெண்டர்களுக்கு நடுவே இருக்கும் இடம் பெரும்பாலும் 82, 83 அங்குலம்தான். முகாம் வாசலில் நின்று தவிப்பீர்கள். தளம் சக்கரத்துக்கு மேலே இருக்கும் டெக் ஓவர் ட்ரெய்லர் கேளுங்கள். ஏற்றியதும் சக்கரங்களுக்குக் கட்டை அடித்து, சட்டத்தின் நான்கு மூலையிலும் சங்கிலி போடுங்கள். ஏற்ற ஃபோர்க்லிஃப்ட் தருவார்களா என்று முன்னதாகவே கேட்டு வையுங்கள்.

வாடகை டிரைவரை அழைத்தாலும் ஏற்றித்தான் கொண்டுவர முடியும். வணிக வண்டிக்கான விதிப்படி, பொருத்தியிருக்கும் பிரேக் அத்தனையும் வேலை செய்தாக வேண்டும்.

கேள்வி: வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, பிக்கப்பாலேயே பிரேக் பிடிக்கும்படி மாற்ற முடியுமா?

முடியும், இரண்டு வழி. எம்105-இல் சக்கரத்தில் ஏற்கெனவே எண்ணெய் பிரேக் இருப்பதால், ஏர் சேம்பரையும் மாஸ்டர் சிலிண்டரையும் எடுத்துவிட்டு, மின்சாரத்தில் எண்ணெயைத் தள்ளும் ஆக்சுவேட்டரைப் பொருத்தலாம். டிரம் பிரேக்குக்கு 1,000 பி.எஸ்.ஐ. வகை, 1,600 டிஸ்க்குக்கு உரியது, மாற்றி வாங்கிவிடாதீர்கள். பிக்கப்பில் ஏழு முனை பிளக்கும், இந்த வகையை ஏற்கும் பிரேக் கன்ட்ரோலரும் வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்க ராணுவம் 1980-களில் சிலிகான் பிரேக் எண்ணெய்க்கு மாறியது. பிளீடரைத் திறந்தால் ஊதா நிறம் தெரியும், பழசாகியிருந்தால் வெளிறியிருக்கும். ஆக்சுவேட்டர்களுக்கு வழக்கமாகச் சொல்வது டாட் 3 என்னும் சாதாரண பிரேக் எண்ணெய். இரண்டும் கலக்காது. குழாய்களை ஆல்கஹாலால் கழுவி உலர்த்தி, வீல் சிலிண்டர் ரப்பர்களையும் ஹோஸ்களையும் புதிதாகப் போட்ட பிறகே புது எண்ணெய் ஊற்றுங்கள். ட்ரெய்லர் கழன்றால் தானாகப் பிடிக்கும் சுவிட்சும், தயாரிப்பாளர் சொல்லும் அளவு பேட்டரியும் சேர்ந்தே வர வேண்டும். கூட்டாட்சி விதி கேட்பது, பிடித்த பிரேக் 15 நிமிடம் நிற்க வேண்டும் என்று.

இரண்டாவது, அச்சையே மாற்றுவது. 12 அங்குல மின்சார பிரேக்கோடு 7,000 பவுண்ட் அச்சு, ட்ரெய்லர் உதிரிபாகக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும். ஸ்பிரிங் இருக்கைகளுக்கு இடைப்பட்ட தூரத்தை அளந்துகொண்டு போங்கள். உயரம் குறையும், ராணுவ டயரின் கம்பீரமும் போய்விடும். ஆனால் விறகும் வைக்கோலும் ஏற்ற எங்கள் பரிந்துரை இதுதான்: எந்த ஊரில் கெட்டாலும் அங்கேயே பாகம் கிடைக்கும்.

கேள்வி: ஹம்வீ என்னும் ராணுவ ஜீப்பின் பின்னால் போகும் எம்1101 வாங்கினால் இந்தத் தொல்லை உண்டா?

காற்றுத் தொல்லை இல்லை. எம்1101, எம்1102 இரண்டிலும் இருப்பது உந்து பிரேக்: வண்டி மெதுவாகும்போது ட்ரெய்லர் முன்னால் உந்துகிற விசையே முனையில் இருக்கும் சிலிண்டரை அழுத்திப் பிரேக் பிடிக்கும். பிக்கப்பிலிருந்து எந்த ஹோஸும் வேண்டாம். வாங்கும்போது முனையின் சறுக்கும் பகுதி துருவில் உறைந்திருக்கிறதா, எண்ணெய் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். விளக்கு இதிலும் 24 வோல்ட்தான்.